வீட்டுச் சமையலில் கலோரிக் கணக்கு
ஆங் மோ கியோவிலிருந்து தோட்டப்புறங்களுக்கு ஒரு பாடம்

உணவின் அளவறிந்து உண்ணுதல் நோயற்ற வாழ்வுக்கு அடிப்படை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை எடுத்துப் பார்ப்போமாயின், மூலிகையைப் பற்றியோ சூரணத்தைப் பற்றியோ வள்ளுவர் அங்கே பேசவில்லை. உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றார். ஆயினும், அளவு என்பதை எங்ஙனம் அளப்பது? வயிறு நிறைந்ததா என்பது ஓர் அளவு. தட்டு நிறைந்ததா என்பது மற்றோர் அளவு. இவ்விரண்டும் இக்காலத்தில் நம்மைக் கைவிட்டுவிட்டன.

ஏனெனில் நமது உழைப்பு மாறிவிட்டது. ஆனால் தட்டு மாறவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு நடந்து, மலைச்சரிவில் நிரை நிரையாய் ஏறி இறங்கி, பல நூறு மரங்களைச் சீவி, பால் வாளிகளைத் தோளில் சுமந்து வந்த தலைமுறைக்கு ஏற்ற சோற்றளவு, மோட்டார் சைக்கிளில் நிரைக்குச் சென்று திரும்பும் தலைமுறைக்குப் பொருந்துமா? தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் சென்றுவிட்ட நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது நாம் 'இனிப்புநீர்' என்று சொல்லும் நோய், இருந்தது. இந்தியர்களிடையே இந்த அளவு 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்பது இதன் பொருள். கால் விரலை இழந்தவரும், கண்ணொளி மங்கியவரும், வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவரும் இல்லாத லயம் இன்று அரிது. ஆகவே, சமையற்கட்டில் ஒரு கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அக்கணக்கைக் கைப்பேசியின் துணைகொண்டு எளிதாய்ப் போடும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங் மோ கியோவில் கேட்ட குரல்

ஜொகூர் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரின் நடுப்பகுதியில் அமைந்துள்ள நகர் ஆங் மோ கியோ. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்விடத்தில் ஒரு காலத்தில் இரப்பர் மரங்களும் கம்பங்களும் இருந்தன. 1877ஆம் ஆண்டில் 22 இரப்பர்க் கன்றுகள் வந்திறங்கிய தீவு சிங்கப்பூர் என்பதும், அங்குள்ள தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்பார் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார் என்பதும் பால்வெட்டுத் தொழிலை அறிந்த யாவரும் கேள்வியுற்ற செய்தியே. 1973ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆங் மோ கியோவைப் புதுநகராக்கியது. நம் தோட்டங்களிலிருந்து வேலை தேடிச் சென்றவர்களுள் பலர் இத்தகைய அடுக்குமாடி நகர்களில் வாழ்கின்றனர்.

அந்நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியில், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையை நிகழ்த்தினார். நாட்டின் தலைவர் ஆண்டுக்கொரு முறை ஆற்றும் அம்முக்கிய உரையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் மூன்று: பாலர் கல்வி, நீரிழிவு, அறிவார்ந்த தேசம். சிங்கப்பூரரில் ஒன்பது பேருக்கு ஒருவர் நீரிழிவுடையவர் என்றும், அறுபது வயதைக் கடந்தோரில் பத்துப் பேருக்கு மூவர் அந்நோயுடையவர் என்றும் அவர் எடுத்துரைத்தார். அந்த வயதுடைய மலாய்க்காரரில் பத்துக்கு ஐவர். இந்தியரில் பத்துக்கு அறுவர். நம்மவரின் எண்ணிக்கையே எல்லாவற்றிலும் உயர்ந்து நின்றது.

ஒரே மேடையில் நீரிழிவும் தொழில்நுட்பமும் அடுத்தடுத்துப் பேசப்பட்டது நமக்கு ஒரு குறிப்பை உணர்த்துகின்றது. நோயைத் தடுக்கும் கருவி, நம் சட்டைப் பையிலேயே இருக்கக்கூடும் என்பதே அக்குறிப்பு. சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 'ஹெல்தி 365' என்னும் செயலியின் வாயிலாக மக்கள் தாம் உண்பதைப் பதிந்து, கலோரியை அறிய வகை செய்துள்ளது. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 'மைநியூட்ரிடைரி' என்னும் செயலியை வெளியிட்டுள்ளது. மலேசிய உணவுகளின் சத்துப் பட்டியலும் இணையத்தில் உள்ளது.

கலோரி என்பது யாது?

விறகு எரிந்தால் வெப்பம் பிறக்கின்றது. உணவும் உடலுக்குள் மெல்ல எரியும் விறகே. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலே ஒரு கிலோகலோரி. பேச்சு வழக்கில் இதனையே 'கலோரி' என்கிறோம். இக்கட்டுரையிலும் அப்பெயரையே ஆள்வோம்.

உணவில் ஆற்றல் தரும் பொருள்கள் சிலவே. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மதுவிலுள்ள சாராயத்திற்கு 7 கலோரி. தண்ணீருக்கும் உப்புக்கும் கலோரி கிடையாது. அட்வாட்டர் என்னும் அமெரிக்க அறிவியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த இக்கணக்கே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஏன் கணக்கை உயர்த்துகின்றன என்பதற்கு விடை இந்த 9 என்னும் எண்ணில் அடங்கியுள்ளது.

நம் உணவுப் பொருள்களைப் பகுத்தாய்ந்து பட்டியலிட்ட பணியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அரிசி, பருப்பு, கீரை, கிழங்கு ஆகியவற்றின் சத்துகளைக் கூறும் நூலை 1937இல் குன்னூரிலிருந்து அய்க்ராய்டு வெளியிட்டார். அந்நிறுவனத்தின் புதிய பட்டியல் 2017இல் வெளிவந்தது. கைப்பேசியில் நாம் காணும் எண்கள் இத்தகைய பட்டியல்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

கருவி செய்யும் வேலை

கடையில் வாங்கும் பிஸ்கட்டின் உறையில் கலோரி அச்சிடப்பட்டிருக்கும். நம் வீட்டுக் கோழிக் கறிக்கு உறை ஏது? ஒரே பெயர் கொண்ட கறியை ஒரு வீட்டில் இரண்டு கரண்டி எண்ணெயில் தாளிப்பர். மற்றொரு வீட்டில் எண்ணெய் மிதக்க மிதக்க வைப்பர். ஆகவே, 'கோழிக் கறி' என்று மட்டும் தேடினால் கிடைக்கும் எண் நம் சட்டிக்கு உரியதாகாது.

இதற்காகவே பல செயலிகளிலும் இணையத்தளங்களிலும் சமையற்குறிப்பைப் பதியும் பகுதி ஒன்று உண்டு. அதில் நாம் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, சட்டியில் இடும் பொருள்களை ஒவ்வொன்றாய்த் தேடித் தேர்ந்தெடுத்தல். இரண்டாவது, ஒவ்வொன்றின் எடையையும் குறித்தல். மூன்றாவது, அக்கறி எத்தனை பேருக்குரியது எனக் குறித்தல். பெருக்கலையும் கூட்டலையும் வகுத்தலையும் கருவி செய்துவிடும். பெரும்பாலான கருவிகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருப்பதால், பள்ளி செல்லும் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நன்று. அவர்களுக்கும் அது நல்லதொரு கணக்குப் பயிற்சியாகும். சமையலறைத் தராசு ஒன்று மட்டும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

ஒரு சட்டிக் கோழிக் கறி

எடுத்துக்காட்டாக, ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்கு ஞாயிற்றுக்கிழமை வைக்கும் கோழிக் கறியைக் கணக்கிடுவோம். தோலும் எலும்பும் நீக்கிய எடையையே கோழிக்குக் கொள்கிறோம்.

கோழி இறைச்சி 600 கிராம் (100 கிராமுக்கு 120 வீதம்): 720 கலோரி
சமையல் எண்ணெய் 4 மேசைக்கரண்டி (ஒன்றுக்கு 120 வீதம்): 480 கலோரி
கெட்டித் தேங்காய்ப்பால் 200 கிராம் (100 கிராமுக்கு 230 வீதம்): 460 கலோரி
உருளைக்கிழங்கு 300 கிராம் (100 கிராமுக்கு 77 வீதம்): 231 கலோரி
வெங்காயம் 200 கிராம் (100 கிராமுக்கு 40 வீதம்): 80 கலோரி
தக்காளி 200 கிராம் (100 கிராமுக்கு 18 வீதம்): 36 கலோரி
மசாலைத்தூள் 30 கிராம் (100 கிராமுக்கு ஏறத்தாழ 300 வீதம்): 90 கலோரி

ஆக மொத்தம் 2,097. அதாவது ஏறத்தாழ 2,100 கலோரி. ஆறு பேருக்கும் சமமாய்ப் பகிர்ந்தால் ஆளுக்கு 350.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குங்கள். முழுச் சட்டியிலுள்ள இறைச்சி தருவது 720. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து தருவது 940. கறியைத் தின்றோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் எண்ணெயையும் பாலையுமே பெரிதும் தின்றிருக்கிறோம். எண்ணெயை இரண்டு கரண்டியாகவும் தேங்காய்ப்பாலைப் பாதியாகவும் குறைத்தால் 470 கலோரி குறைகின்றது. அப்பொழுது ஆளுக்கு ஏறத்தாழ 270 மட்டுமே. இறைச்சியில் ஒரு துண்டும் குறையவில்லை. கிழங்கில் ஒரு துண்டும் குறையவில்லை. எதைக் குறைத்தால் பயனுண்டு, எதைக் குறைத்தால் பயனில்லை என்பதைக் காட்டிக் கொடுப்பதே இக்கணக்கின் பெரும்பயனாகும்.

இனி, சோற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. தட்டில் 300 கிராம் சோறு இட்டால் 390. 200 கிராம் இட்டால் 260. 300 கிராம் சோறு, ஆளுக்கு 350 கலோரி தரும் கறியைக் காட்டிலும் மிகுந்து நிற்பதைக் காணலாம். சராசரியாக ஆணுக்கு நாளொன்றுக்கு 2,200 கலோரியும் பெண்ணுக்கு 1,800 கலோரியும் போதுமென்பது சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். கடின உடலுழைப்பு உடையவர்க்கு இது கூடும். முதியவர்க்கும் உட்கார்ந்து பணிபுரிபவர்க்கும் குறையும்.

பாலின் எடையும் இரப்பரின் எடையும்

இக்கணக்கில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதனை விளங்கிக்கொள்ளப் பால்வெட்டுத் தொழிலாளியைக் காட்டிலும் தகுதியுடையவர் இலர்.

நிரையிலிருந்து கொண்டுவரும் பாலை நிறுக்கும்பொழுது, வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கூலி தருவதில்லை. அதிலுள்ள உலர்ந்த இரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கின்றனர். 100 கிராம் பாலில் உலர் இரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 கிராமே. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். நீர் கலந்தால் எடை கூடும், இரப்பர் கூடாது.

சோறும் அவ்வாறே. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி உண்டு. அதனை வடித்தால் நீரை ஏற்று ஏறக்குறைய 280 கிராம் சோறாகின்றது. எடை கூடிற்று, கலோரி அதே 360தான். தட்டிலுள்ள 280 கிராம் சோற்றை நிறுத்துவிட்டு, கருவியில் 'பச்சரிசி' அல்லது 'வேகாத அரிசி' என்னும் இடத்தில் அந்த எடையைப் பதிந்தால், அது 1,008 கலோரி என்று காட்டும். ஏறத்தாழ மும்மடங்குப் பிழை! ஆகவே, வேகாத எடையை வேகாத பொருளின் பெயரிலும், வெந்த எடையை வெந்த பொருளின் பெயரிலும் பதிதல் வேண்டும். பருப்பு, மீகூன், இறைச்சி ஆகியவற்றுக்கும் இவ்விதியே பொருந்தும்.

குடும்பத்தில் எல்லாரும் சமமாய் உண்பதில்லை. அப்படியாயின் பங்கை எவ்வாறு கணக்கிடுவது? வெற்றுச் சட்டியின் எடையை முன்னரே நிறுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த பின்னர்ச் சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழியுங்கள். மேற்சொன்ன கறி 1,500 கிராம் இருந்ததாகக் கொள்வோம். 2,100ஐ 1,500ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 1.4 கலோரி. 150 கிராம் உண்ட பாட்டிக்கு 210. 300 கிராம் உண்ட இளைஞருக்கு 420. இணைய வசதி இல்லாத இடத்திலும் இக்கணக்கைத் தாளிலேயே போட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டிய வேறு சில

ஒன்று: கரண்டியும் கோப்பையும் வீட்டுக்கு வீடு வேறுபடும். சோறு சமைக்கும் மின்பானையோடு வரும் கோப்பை 180 மில்லிலிட்டர்; சமையற்குறிப்புகளில் சொல்லப்படும் கோப்பை பெரும்பாலும் 240 மில்லிலிட்டர். இயன்ற வரையில் கிராம் கணக்கையே கொள்க.

இரண்டு: பலருடைய பதிவுகளையும் ஏற்றுக்கொள்ளும் செயலிகளில் ஒரே பொருளுக்குப் பல எண்கள் காணப்படும். அரசாங்கப் பட்டியலிலுள்ள எண்ணையோ, பொருளின் உறையிலுள்ள எண்ணையோ கொள்வதே பாதுகாப்பானது. தேங்காய்ப்பாலில் கெட்டிப்பால் வேறு, தண்ணிப்பால் வேறு. பெட்டியில் வாங்கும் 'சந்தான்' எனில் அதன் உறையைப் படித்துப் பதிக.

மூன்று: சில உறைகளில் ஆற்றல் கிலோஜூல் அளவில் இருக்கும். ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல். அவ்வெண்ணை 4.2ஆல் வகுத்தால் கலோரி கிடைக்கும்.

நான்கு: பொரிக்கும் பண்டங்களுக்குச் சட்டியில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் கணக்கிடல் வேண்டா. பொரிப்பதற்கு முன் 500 கிராம் எண்ணெய் இருந்து, பின் 420 கிராம் எஞ்சினால், பண்டம் குடித்தது 80 கிராம். அதுவே ஏறத்தாழ 700 கலோரி. வடையையும் பஜ்ஜியையும் இங்ஙனம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தவர், அடுத்த முறை எண்ணெயை வடித்தே தட்டில் வைப்பர்.

குவளையில் மறைந்திருப்பது

உணவைக் கணக்கிடுவோர் பானத்தை மறந்துவிடுவது இயல்பு. கெட்டியான இனிப்புப் பால் 100 கிராமில் ஏறத்தாழ 320 கலோரி உண்டு. ஒரு குவளைத் தே தாரிக்கில் 40 கிராம் இனிப்புப் பாலும் ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்தால் ஏறத்தாழ 145 கலோரி. நாள்தோறும் மூன்று குவளை எனில் 435. மேலே கண்ட முழுப் பங்குக் கோழிக் கறியைக் காட்டிலும் இது மிகுதி, பசியோ தீரவில்லை.

சிங்கப்பூரில் இதனை உணர்ந்து, 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' என்னும் தரக்குறியீட்டை நடைமுறைப்படுத்தினர். ஏ முதல் டி வரை நான்கு தரங்கள் உள்ளன. இனிப்பும் கொழுப்பும் மிகுந்த டி தரப் பானங்களுக்கு விளம்பரம் தடுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தேதி தொட்டு இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. ஆயினும், வீட்டுக் குவளைக்குக் குறியீடு ஒட்டுவார் யாருமிலர். அக்குறியீட்டை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எண் சொல்லாதவை

கலோரிக் கணக்கு ஒரு கருவியே, அதுவே மருத்துவரன்று. 200 கலோரி சர்க்கரையும் 200 கலோரி பருப்பும் எண்ணால் ஒன்றே. உடலுக்குள் செய்யும் வேலையால் வேறு. உப்புக்குக் கலோரி இல்லை. எனினும் இரத்த அழுத்தத்தை அது உயர்த்தும். கீரைக்குக் கலோரி குறைவு; நன்மை மிகுதி. ஆதலால், கணக்கோடு தட்டின் அமைப்பையும் பார்த்தல் வேண்டும். நம் சுகாதார அமைச்சு கூறும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' முறை இங்கே துணை செய்யும். தட்டின் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பருப்பு, எஞ்சிய அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பதே அம்முறை.

மேலும் ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுபவர்கள், எண்ணைப் பார்த்துத் தாமாகவே உணவைத் திடீரெனக் குறைத்தல் கூடாது. மருந்தின் அளவு முன்னைய உணவுக்கு ஏற்ப அமைந்திருப்பதால், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கத்தியைப் பிடித்து நிரைக்குச் செல்பவர்க்கு இது பேராபத்து. கணக்குத் தாளை அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு எடுத்துச் சென்று, மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ காட்டி, அவர் சொற்படி நடத்தலே முறை. வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டும் அன்னையர்க்கும் கலோரியைக் குறைக்கும் முயற்சி மருத்துவர் ஆலோசனையின்றி வேண்டா.

செய்ய வேண்டுவது

எல்லா உணவையும் நாள்தோறும் நிறுத்துக்கொண்டிருக்க யாராலும் இயலாது, அது தேவையுமன்று. ஒரு வீட்டில் அடிக்கடி சமைக்கப்படும் கறியும் குழம்பும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இரா. வாரத்திற்கு ஒன்றாக அவற்றை நிறுத்துக் கணக்கிட்டால், மூன்று திங்களுக்குள் வீட்டுக்குரிய பட்டியல் முடிந்துவிடும். பின்னர் அதனைப் பார்த்தே அளவை அறியலாம். தோட்டத்து மாதர் குழுவோ இளைஞர் மன்றமோ ஒரு தராசை வாங்கிப் பொதுவில் வைத்து, மாதமொரு முறை இரண்டு வீட்டுக் கறிகளைக் கணக்கிட்டுக் காட்டினால், படிப்பறிவு குறைந்த மூத்தோரும் பயன்பெறுவர். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனைக் கணக்குப் பாடத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

வாளியிலுள்ள பாலை ஒரு கிராமும் தவறாமல் நிறுக்க வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நிறுவையில் குறை நேர்ந்தால் கேள்வி கேட்கவும் நாம் தயங்குவதில்லை. நம் உழைப்பின் அளவில் இத்துணைக் கவனம் கொண்ட நாம், அவ்வுழைப்பால் ஈட்டிய சோற்றின் அளவிலும் அதே கவனத்தைச் செலுத்துவோமாக. வருகின்ற ஞாயிற்றுக்கிழமைக் கறியிலிருந்தே இக்கணக்கைத் தொடங்குவோம்.